எல்லாமே ‘கேஸ்’ அல்ல: உணவு செல்லும் வழியை அறிவோம்

சில மாதங்களுக்கு முன், ஒரு விடியற்காலையில், இரத்த வாந்தி எடுத்த நிலையில் ஒருவர் எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். வயது 48; பேருந்து நடத்துநர். உடன் வந்த அவருடைய மனைவியிடம் விவரம் கேட்டேன். “ஒரு வருஷமாவே கேஸ் ட்ரபிள் இருக்கு டாக்டர். அப்பப்ப கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்குவாரு” என்றார்.

மேலும் கேட்கக் கேட்கச் செய்திகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இரவு இரண்டு மணி அளவில் மேல்வயிற்றில் எரிச்சலுடன் கூடிய வலி அவரை எழுப்பிவிடும். இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கிவிடும். நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலையால் வந்த முதுகுவலிக்கு வலிநிவாரணி மாத்திரைகளையும் அவர் வெறும் வயிற்றில் விழுங்கிவந்தார். கடைசி நான்கு நாள்களாக மலம் தாரைப் போலக் கருத்து, பிசுபிசுப்பாகப் போயிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

என்டோஸ்கோப்பி மூலம் பார்த்தபோது, இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் ஒரு புண்ணும், அதிலிருந்து கசியும் இரத்தமும் தெரிந்தன. கசிவை அங்கேயே நிறுத்தினோம், இரத்தம் ஏற்றினோம், அவர் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பார்வையிடச் சென்றபோது அவர் என்னிடம் கேட்டார்: “நாப்பத்தெட்டு வருஷமா சாப்பிடுறேன் சார். சாப்பிட்டது எங்க போகுது, உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதே இல்லையே?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருடைய உடல் ஓராண்டாகவே தெளிவாகப் பேசிவந்தது. வலிக்கும் இடத்தைச் சொன்னது. வலிக்கும் நேரத்தைச் சொன்னது. இறுதியில் நிறத்தையும் காட்டியது. ‘கேஸ்’ என்னும் ஒரே சொல் அவை அனைத்தையும் மூடி மறைத்துவிட்டது. அவருக்குச் சொன்ன விடையையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். காலை எட்டு மணிக்கு நீங்கள் உண்ணும் இரண்டு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி ஆகியவற்றின் பின்னாலேயே நாமும் செல்வோம்.

வாய்: செரிமானத்தின் முதல் அறை

வாயிலிருந்து ஆசனவாய் வரை செல்லும் செரிமானப் பாதை ஒரே நீண்ட குழாய். அது ஓரிடத்தில் பையாக விரிகிறது, ஓரிடத்தில் சுருண்டு கிடக்கிறது, ஓரிடத்தில் அகன்று வளைகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகள், கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகியவை இக்குழாய்க்கு வெளியே இருந்துகொண்டு, தங்கள் சுரப்புகளைச் சிறு நாளங்கள் வழியே உள்ளே அனுப்பும் துணை உறுப்புகள்.

நம் இட்லியைப் பொறுத்தவரை, செரிமானத்தின் ஒரு பகுதி அடுப்பங்கரையிலேயே தொடங்கிவிட்டது. இரவு முழுவதும் மாவு புளிக்கும்போது நுண்ணுயிரிகள் அதிலுள்ள மாவுச்சத்தையும் புரதத்தையும் ஓரளவு உடைத்துவிடுகின்றன. ஆவியில் வேகும்போது மாவுச்சத்து நெகிழ்ந்து, நொதிகள் எளிதில் வேலை செய்யும் நிலைக்கு வருகிறது. நோயுற்றவருக்கு இட்லி கொடுக்கும் நம் வழக்கத்தில் அறிவியலும் இருக்கிறது.

வாயில் பற்கள் உணவை அரைக்கின்றன. மூன்று இணை உமிழ்நீர்ச் சுரப்பிகள் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகிறது. ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் நன்கு மென்றுகொண்டே இருந்தால் மெல்ல இனிப்புத் தட்டுவதற்கு இதுவே காரணம். அள்ளிப்போட்டு விழுங்குபவர், வாய் செய்ய வேண்டிய வேலையை இரைப்பையின் தலையில் கட்டுகிறார். உணவோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிறார். அவருக்கு வரும் ஏப்பத்தில் பெரும்பகுதி அந்தக் காற்றுதான்.

உணவுக்குழாய்: பத்து நொடிப் பயணம்

விழுங்கும் கணத்தில் ஒரு நுட்பமான ஏற்பாடு நடக்கிறது. தொண்டையில் உணவுக்கும் மூச்சுக்கும் பாதை ஒன்றே. அதற்குக் கீழேதான் இரண்டும் பிரிகின்றன. விழுங்கும்போது குரல்வளை மேலெழும்புகிறது; குரல்வளை மூடி கவிந்து மூச்சுக்குழாயை அடைக்கிறது; மூச்சு ஒரு கணம் நிற்கிறது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் புரையேறுவது இந்த ஒழுங்கு குலைவதால்தான்.

பக்கவாதம் வந்தவர்களுக்கும் முதுமையில் மிகவும் தளர்ந்தவர்களுக்கும் இந்த ஒழுங்கு பலவீனமாகிவிடும். படுத்த நிலையிலேயே கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கக்கூடும். ஆகவே, வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்கள் அவரை நன்கு நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு சிறு கவளமாக ஊட்ட வேண்டும். ஊட்டிய பின் அரை மணி நேரமாவது அவர் அப்படியே சாய்ந்து அமர்ந்திருக்கட்டும். மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துவோருக்கும் இது பொருந்தும்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். உணவு இதில் தானாகக் கீழே விழுவதில்லை. குழாயின் தசைகள் உணவுக்குப் பின்னால் சுருங்கியும், முன்னால் தளர்ந்தும் அதை அலையலையாகத் தள்ளுகின்றன. தலைகீழாக நின்று விழுங்கினாலும் உணவு இரைப்பையையே சென்றடையும். இப்பயணத்திற்குப் பத்து நொடிகள் போதும்.

குழாயின் அடியில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. உணவு வரும்போது திறந்து, உடனே மூடிக்கொள்வது அதன் வேலை. அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறி நெஞ்சில் எரிகிறது. இரவு பத்து மணிக்கு வயிறு நிறைய உண்டு பத்தரைக்குப் படுப்பவருக்கு இது மிகுதியாக நேரும். உணவுக்கும் உறக்கத்திற்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் விடுவதும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதும் பலருக்கு மாத்திரை அளவுக்கே பயன் தரும். ஆனால் விழுங்கிய உணவு நெஞ்சில் சிக்குவதாகத் தோன்றினால், அதிலும் முதலில் திட உணவு, பின் குழைந்த உணவு, பின் நீர் என்று சிக்கல் வளர்ந்துகொண்டே போனால், ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இரைப்பை: அரைக்கும் பை

காலை எட்டரை மணி. இட்லி இப்போது இடப்பக்க மேல்வயிற்றில் உள்ள இரைப்பையில் இருக்கிறது. காலியாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும் இந்தப் பை, உணவு வந்ததும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும் அளவுக்கு விரிகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை மனிதன் முதன்முதலாகத் தெளிவாகக் கண்டது ஒரு விபத்தால்தான். 1822-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மக்கினா தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கூலித் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார், ஆனால் இரைப்பைக்குள் திறக்கும் ஒரு துளை மூடாமலேயே நின்றுவிட்டது. அவருக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட், பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி அத்துளை வழியே இறக்கி, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று குறித்துவந்தார். 1833-இல் அவர் வெளியிட்ட நூல், இரைப்பை வெறுமனே அரைக்கும் பையன்று, அமிலம் கொண்டு கரைக்கும் பையும்கூட என்பதை உறுதிப்படுத்தியது. அந்த மனிதருக்குக் கோபமோ காய்ச்சலோ வந்தபோது இரைப்பையின் உட்சுவரும் மாறியதை அவர் கண்ணாரக் கண்டார். அந்த நோயாளி பட்ட துன்பத்திற்கு மருத்துவ உலகம் இன்றும் கடன்பட்டிருக்கிறது.

இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. பெப்சின் என்னும் நொதி சாம்பாரிலுள்ள பருப்பின் புரதத்தை உடைக்கத் தொடங்குகிறது. வைட்டமின் பி12-ஐ உடல் பின்னால் ஏற்றுக்கொள்வதற்கு வேண்டிய ஒரு புரதமும் இங்கேதான் சுரக்கிறது.

இவ்வளவு கடுமையான அமிலம் இரைப்பையையே ஏன் கரைத்துவிடுவதில்லை? அதன் உட்சுவரின் மேல் கோழைப் படலம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அப்படலத்திற்குள் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் இருக்கிறது. இந்தக் காப்பு குலையும்போது புண் உண்டாகிறது. அதைக் குலைப்பவற்றுள் முதன்மையானவை இரண்டு: தொடர்ந்து உட்கொள்ளும் வலிநிவாரணி மாத்திரைகள் ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி மற்றொன்று.

நெடுங்காலம் வரை, மனக்கவலையும் காரமும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவர்களும் நம்பினர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகியோர், பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் இக்கிருமி இருப்பதைக் கண்டறிந்தபோது நம்புவோர் குறைவாகவே இருந்தனர். 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த கரைசலைத் தாமே குடித்து, சில நாள்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, தம் கருத்துக்கு வலுச் சேர்த்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீடித்து, சிலருக்கு அறுவை சிகிச்சை வரை சென்ற அந்நோய், இன்று பெரும்பாலோர்க்கு இரண்டு வார மருந்தில் தீர்கிறது. நம் நடத்துநருக்கும் இக்கிருமியே இருந்தது. வலிநிவாரணி அதனுடன் கைகோத்துக்கொண்டது.

இரைப்பை உணவைக் கடைந்து இரைப்பைப்பாகு என்னும் கூழாக்குகிறது. ஓரிரு மில்லிமீட்டருக்கும் சிறிய துகளாக ஆன பின்னரே அடிவாயில் தசை அதை முன்சிறுகுடலுக்குள் சிறிது சிறிதாக விடுகிறது. முழு உணவும் கடக்க இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். கொழுப்பு மிகுந்த உணவு இன்னும் நேரம் எடுக்கும். இட்லியைவிடப் பரோட்டா நெடுநேரம் ‘தாங்குவதன்’ காரணம் இதுதான். என்டோஸ்கோப்பிக்கும் அறுவை சிகிச்சைக்கும் முன் சில மணி நேரம் எதுவும் உண்ணாமல் வரச் சொல்வதும் இதனால்தான். மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் உணவு இருந்தால் அது மேலேறி மூச்சுக்குழாயில் நுழையக்கூடும். ‘பசி தாங்க மாட்டார்’ என்று இரக்கப்பட்டு இரகசியமாக ஒரு டம்ளர் பால் கொடுக்கும் உறவினர், தாம் அறியாமலேயே நோயாளியை ஆபத்துக்குள்ளாக்குகிறார். நெடுநாள் நீரிழிவு உள்ள சிலருக்கு இரைப்பை மெதுவாகவே காலியாகும். அவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முன்சிறுகுடல்: மூன்று ஆறுகள் கூடுமிடம்

இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலின் நீளம் 25 செ.மீ. மட்டுமே. ஆயினும் செரிமானத்தின் பெரும்பணி இங்கேதான் தொடங்குகிறது. இரைப்பையிலிருந்து வரும் கூழ், கல்லீரலின் பித்தநீர், கணையத்தின் நீர் ஆகிய மூன்றும் இவ்விடத்தில் கலக்கின்றன.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்தில் படுத்திருக்கும் உறுப்பு. இதன் நீர் முதலில் அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. பின் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கும் நொதிகளைத் தருகிறது. இது முதுகை ஒட்டி இருப்பதால்தான் கணைய அழற்சியின் வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைப்பதுபோல் பரவுகிறது. மதுவும் பித்தப்பைக் கற்களுமே அதற்கு முதன்மையான காரணங்கள்.

நீரில் எண்ணெய் கரையாது என்பதை ஒவ்வோர் இல்லத்தரசியும் அறிவார். தேங்காய்ச் சட்னியின் கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறடித்து நொதிகளுக்குக் கையளிப்பது பித்தநீர். கல்லீரல் அதை நாள் முழுவதும் சுரக்கிறது. பித்தப்பை 30 முதல் 50 மில்லி லிட்டர் வரை செறிவாக்கிச் சேமித்து, கொழுப்பு வந்ததும் சுருங்கி வெளியேற்றுகிறது. பித்தப்பையில் கல் உள்ளவர்களுக்கு, கொழுப்பு மிகுந்த விருந்துக்குப் பின் வலப்பக்க விலாவுக்குக் கீழே கடும் வலி எழுவதன் காரணம் இப்போது விளங்கும். கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்துவிட்டால், கண் மஞ்சளாகும், சிறுநீர் கருமஞ்சளாகும், மலம் களிமண்போல் வெளிறும். மலத்துக்கு நிறம் தருவது பித்தநீரே. இதனுடன் குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசர நிலை. மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்து தேடி நாள் கடத்துவது இங்கே உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிறுகுடல்: உடலின் உண்மையான சமையற்கட்டு

நண்பகல் ஆகிறது. இட்லி இப்போது வெறும் பால்போன்ற நீர்மம். ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் அது மெல்ல நகர்கிறது. நாம் ‘வயிறு’ என்று இரைப்பைக்குத் தரும் பெருமை உண்மையில் சிறுகுடலுக்கே உரியது. இரைப்பையை முழுதும் அகற்றியவர்கள் தக்க உணவு முறையுடனும் பி12 ஊசியுடனும் வாழ்கிறார்கள்; சிறுகுடல் முழுவதையும் இழந்தவர் வாயால் உண்டு உயிர் வாழ இயலாது.

சிறுகுடலின் உட்சுவர் மடிப்பு மடிப்பானது. ஒவ்வொரு மடிப்பின் மேலும் விரல்போன்ற குடலுறிஞ்சிகள். ஒவ்வொரு குடலுறிஞ்சியின் செல்மீதும் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள். பழைய பாடநூல்கள் இவற்றின் மொத்தப் பரப்பை டென்னிஸ் ஆடுகளத்துக்கு ஒப்பிட்டன. அண்மைக் கால அளவீடுகள் செரிமானப் பாதை முழுவதற்கும் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் என்கின்றன. ஒரு சிறிய வீட்டின் தரைப்பரப்பு என்று கொள்ளலாம். இந்த உட்பூச்சு சில நாள்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதுப்பிக்கப்படுகிறது. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் புற்றுநோய் மருந்துகளால் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வருவது இதன் காரணமாகவே. சிகிச்சை இடைவெளியில் அவை ஆறிவிடுவதும் இதனால்தான்.

இங்கே மாவுச்சத்து குளுக்கோசாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும் மாறி இரத்தத்தில் கலந்து, கல்லீரல் வாயில் சிரை வழியே கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் அவற்றைச் சரிபார்த்து, சேமிக்க வேண்டியதைச் சேமித்து, உடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர் வழியே தனிப்பாதையில் செல்கிறது. பாலிலுள்ள சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, நம்மில் பலருக்குக் குழந்தைப் பருவத்திற்குப் பின் குறைந்துவிடுகிறது. பால் குடித்தால் வயிறு உப்பி இரைகிறது என்போர் சொல்வது கற்பனையன்று. அவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

நாம் ஒரு நாளில் பருகுவதும் உணவில் சேர்ந்து வருவதுமான நீர் ஏறத்தாழ 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என உடலே குழாய்க்குள் ஊற்றுவது 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி லிட்டர் மட்டுமே. மிச்சம் முழுவதையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்கு ஏன் சில மணி நேரத்தில் ஒரு குழந்தையைச் சாய்த்துவிடுகிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

அதற்கான மருந்தும் சிறுகுடலின் சுவரிலேயே இருக்கிறது. குளுக்கோசும் உப்பும் சேர்ந்து வந்தால் குடற்செல் இரண்டையும் ஒன்றாக உள்ளிழுக்கும். நீர் அவற்றைத் தொடர்ந்து செல்லும். காலரா வந்து குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த வாயில் மூடுவதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தனர். சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெருங்கலங்களில் நிரப்பி, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. அங்கே உயிர் காத்தவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளின் உறவினர்கள் என்பதை, இவ்விதழைப் படிக்கும் உறவினர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுங்கள். இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகா. மிகுதியான சர்க்கரை போக்கை அதிகரிக்கவும் செய்யும்.

பெருங்குடல்: குடியிருப்போர் பல இலட்சம் கோடி

மாலை ஆகிறது. இட்லியின் சத்து உடலில் சேர்ந்துவிட்டது. கறிவேப்பிலையின் நார், பருப்பின் சில செரியாத சர்க்கரைகள், சிறிதளவு நீர் ஆகியவை மட்டும் பெருங்குடலுக்குள் நுழைகின்றன. அடிவயிற்றின் வலப்புறம் தொடங்கி, மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறம் இறங்கும் இதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். தொடக்கத்தில் தொங்கும் சிறுவால் குடல்வால். அதன் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி எழுந்து, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும். இத்தகைய வலிக்குப் பேதிமருந்து கொடுக்கவே கூடாது.

பெருங்குடல் எஞ்சிய நீரை உறிஞ்சுகிறது. அங்கே குடியிருக்கும் பல இலட்சம் கோடி நுண்ணுயிரிகள், நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, குடற்சுவருக்கே உணவாகும் கொழுப்பு அமிலங்களையும் சில வைட்டமின்களையும் உண்டாக்குகின்றன. அவ்வேலையின் உடன்விளைவே வாயு. நாளொன்றுக்குப் பத்து, இருபது முறை வாயு பிரிவது நோயன்று. குடியிருப்போர் உழைக்கிறார்கள் என்பதன் அடையாளம். உண்மையான ‘கேஸ்’ இவ்வளவுதான்.

நேற்றைய உணவின் மிச்சம் மலமாக வெளியேற ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகலாம். நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்திற்கு மூன்று முறை வரை மலம் கழிப்பது இயல்பே. காலையில் ஏதேனும் உண்டதும் கழிப்பறை அழைப்பது, இரைப்பை விரிந்ததைப் பெருங்குடல் அறிந்து அசைவதால் நிகழ்கிறது. அந்த அழைப்பைத் தொடர்ந்து புறக்கணிப்பவருக்கு மலச்சிக்கல் நிலைக்கும். கீரை, பயறு, பழம், தீட்டப்படாத தானியம், போதுமான நீர், நடை ஆகியவையே அதற்கு முதல் மருந்து.

குடலுக்கென ஒரு நரம்பு மண்டலம்

இந்த முழுப் பயணமும் நம் கட்டளையின்றியே நடக்கிறது. குடற்சுவருக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அவை தாமாகவே இயங்க வல்லவை. எனினும் மூளையோடு ஓயாமல் உரையாடுகின்றன. தேர்வு நாளன்று வயிறு கலங்குவதும், துயரத்தில் பசி மறைவதும் இவ்வுரையாடலின் விளைவுகளே. எல்லாச் சோதனைகளும் சரியாக இருந்தும் வலி தொடர்பவரிடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டார் சொல்லிவிட வேண்டாம். நரம்புகளின் உணர்வு மிகைப்பட்டுப் போனதால் வரும் அவ்வலி உண்மையானது. அதற்கும் சிகிச்சை உண்டு.

வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் சிறிது காலம் அசைவற்று ஓய்ந்திருக்கும். “காற்று பிரிந்ததா?” என்று மருத்துவர் நாள்தோறும் கேட்பது, அது மீண்டும் விழித்துவிட்டதா என்று அறியவே. கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

ஆறு வாரம் கழித்து மறு பரிசோதனைக்கு வந்த நடத்துநர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “எந்த ஸ்டாப்புன்னு சொன்னாத்தானே சார் டிக்கெட் கொடுக்க முடியும்? நான் ஸ்டாப்பே சொல்லாம ஒரு வருஷம் போயிருக்கேன்” என்றார். அதைவிட நன்றாக என்னால் சொல்ல இயலாது. அடுத்த முறை வயிற்றுத் தொல்லைக்காக வரும்போது, ‘கேஸ்’ என்ற சொல்லை விடுத்து, இவற்றைச் சொல்லுங்கள்:

• இடம்: ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். வலி வேறெங்கும் பரவுகிறதா?
• நேரம்: உண்ணும்போதா, உண்டபின் எவ்வளவு நேரத்தில், பசியிலா, நள்ளிரவிலா?
• தொடர்பு: எதை உண்டால் கூடுகிறது, எதனால் குறைகிறது?
• மாற்றம்: எடை, பசி, மலத்தின் நிறம், மலம் கழிக்கும் வழக்கம் ஆகியவற்றில் எது மாறியது, எப்போதிருந்து?
• மருந்து: கடையில் தாமாக வாங்கியவை, நாட்டு மருந்துகள் உட்பட அனைத்தும். முடிந்தால் அட்டைகளையே கொண்டுவாருங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

• இரத்த வாந்தி, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, தார்போன்ற கரிய மலம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருக்கச் செய்யும். ஐயம் இருந்தால் மருத்துவர் முடிவு செய்யட்டும்.
• விழுங்குவதில் தடை. காரணமின்றி எடை குறைதல்.
• கண் மஞ்சளாதலுடன் காய்ச்சல் அல்லது கடும் வலி.
• வயிறு பலகைபோல் இறுகுதல். வாயுவும் மலமும் முற்றிலும் நின்று, வயிறு உப்பி, வாந்தி தொடர்தல்.
• மலத்தில் இரத்தம். ‘மூலமாகத்தான் இருக்கும்’ என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு மலப் பழக்கம் மாறுவதும், காரணம் தெரியாத இரத்தசோகையும் பெருங்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால் அது குணமாகும் நோய்.
• மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ அழுத்தமும், வியர்வையும், மூச்சுத்திணறலும், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலியும். இது செரிமானப் பாதையின் குரலன்று; இதயத்தின் குரலாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் வலி இல்லாமல் வெறும் ‘வாயு அடைத்தாற்போல்’ மட்டுமே தோன்றக்கூடும். சோடாவும் ஓமநீரும் குடித்துப் பார்க்காமல், 108-ஐ அழைத்து, ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.

வலிநிவாரணி மாத்திரைகளை மருத்துவரின் சீட்டின்றித் தொடர்ந்து உட்கொள்ள வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரண்டு வாரத்திற்கு மேல் தேவைப்படுகிறது என்றால், அதன் காரணத்தை அறிந்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். நாளைக் காலை முதல் கவளத்தை வாயில் இடும்போது, அது செல்லப்போகும் வழியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சற்று மெதுவாக மெல்லுங்கள். ஏதேனும் ஓரிடத்தில் தொல்லை எழுந்தால், அது எந்த இடம் என்று எங்களிடம் சொல்லுங்கள்.